உலைக் கதவில் என் சைக்கிள் பூட்டு

12.2.1987 அன்று பிற்பகல் காவல் நிலையத்தில் சொன்னது.

என் பெயர் யாகப்பன், தகப்பனார் பெயர் செபாஸ்டின், வயது 41. பொம்மிடி ரயில் நிலையத்துக்குப் பின்புறம் குடியிருக்கிறேன். பாலக்கோடு சாலையில் கிருஷ்ணப்பன் நடத்தும் அலுமினியக் குழாய்ப் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். உலைச் சாவியை நான் திருடியதாக முதலாளி கொடுத்த புகார் பொய். உலைக்குச் சாவியே கிடையாது. கதவில் தொங்குவது என் சைக்கிள் பூட்டு. என் பூட்டை நானே திருட முடியாது என்பதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் மிருதுவான அலுமினியத்தில் திரைச்சீலைக் குழாய் போட்டோம். கட்டியைச் சூடாக்கி, பிரஸ்ஸில் அச்சுத் துளை வழியாகத் தள்ளினால் குழாய் பேசாமல் வெளியே வரும். தீபாவளிக்குப் பிறகு, ஏணி செய்யும் குழாய்க்கு உறுதி வேண்டுமென்று முதலாளி செம்பும் மக்னீசியமும் கலந்த கட்டிகளை வரவழைத்தார். வார்த்த கட்டியில் செம்பு ஒன்றுபோல் பரவியிருக்காது. வெல்லம் சரியாகக் கரையாத பாயசம் மாதிரி அங்கங்கே திரண்டு நிற்கும். அந்த இடங்கள்தான் முதலில் உருகும். ஆகவே அளவான சூட்டில் ஒரு நாள் முழுக்க உலையில் ஊற வைத்து, பிறகு சூட்டைக் குறைத்து மெதுவாகத் தள்ள வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வாரம் ஊறாத கட்டியை அவசரமாகத் தள்ளியதில், குழாய் வரும்போதே வெடித்து, ஒரு துண்டு தெறித்து, முன்னால் இடுக்கி பிடித்து நின்ற தொழிலாளி ஜமீரின் தோளில் விழுந்து சதை வெந்துவிட்டது. அதன் பிறகும் முதலாளி, "சூட்ட இன்னும் ஏத்துங்க, எளகி வந்துரும்" என்றார். ஏற்றினால் இன்னும் மோசமாகக் கிழியும் என்றேன். "கொழாய் போடறதுக்கு இவ்ளோ கதையாங்க?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று காலை புதிய கட்டிகளை உலையில் அடுக்கினேன். நான் சாப்பிடப் போனால் கதவைத் திறந்து எடுத்துவிடுவார்கள் என்று தெரியும். ஆகையால் பூட்டிவிட்டுப் போனேன். சோற்றில் கை வைக்குமுன் ஏட்டு வந்து அழைத்து வந்தார். என் சட்டைப்பையிலிருந்த சாவியை நிலையத்தில் வாங்கி முதலாளியிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் அப்போதே பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

ஜமீர் தோளில் கட்டோடு இன்றும் வேலைக்கு வந்திருக்கிறார். பிரஸ்ஸுக்கு முன்னால் நிற்கப்போவது அவர்தான். பட்டறைக்கு ஒரு போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள் என்று வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். "மொதல்ல கையெழுத்துப் போடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்கிறார்கள். ஆகவே நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்காமலே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) செ. யாகப்பன்