கறுப்புக் கட்டங்கள்

என் அலுவலகத்தில் ஒரு குட்டி நாற்காலி இருக்கிறது. பெரியவர்கள் சண்டை போட வரும்போது குழந்தைக்கு உட்கார ஓர் இடம் வேண்டுமே என்று நானே கடைக்குப் போய் வாங்கிப் போட்டது. அந்தக் கட்டடத்தில் வேறு எந்த வக்கீலுக்கும் அது தோன்றவில்லை. விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இருபத்தாறு வருடமாகக் குடும்பநல வழக்குகள் மட்டுமே நடத்துகிறேன். ஜூனியராக இருந்தபோது ஒரு பையனுக்கு, அப்பா அடிப்பார் என்று சொல்லிக்கொடுத்து நீதிபதியிடம் அனுப்பினோம். அவன் வாய்ப்பாடு போல ஒப்பித்துவிட்டு, "சரியா சொன்னேனா?" என்று அவரிடமே கேட்டுவிட்டான். வழக்கு மண்ணைக் கவ்வியது. இனி எந்தக் குழந்தைக்கும் பொய் சொல்லித்தருவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இன்றுவரை அந்த வார்த்தையை மீறவில்லை.

நான் கற்றுத்தந்தது எண்ணுவதை மட்டும்தான்.

நீதிபதி குழந்தையிடம் தனியாகப் பேசும் அறையில் கறுப்பும் வெள்ளையுமாகத் தரைக் கட்டங்கள் உண்டு. அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் தலையைக் குனிந்துகொள். கறுப்புக் கட்டங்களை மனசுக்குள் எண்ணு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணு. அவ்வளவுதான் பாடம். குனிந்த தலையைப் பார்த்து நீதிபதி என்ன நினைக்கிறார் என்பது அவர் பாடு. எண்ணுவது குற்றமென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது, காட்டுங்கள்.

இந்தப் புகாரில் வரும் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. சரியான வாயாடி. என்னை 'வக்கீல் அத்தை' என்பாள். குட்டி நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு என் மூக்குக்கண்ணாடியைப் பற்றியே பத்துக் கேள்வி கேட்பாள். அவள் அம்மா என் கட்சிக்காரர். அப்பா பேருந்து ஓட்டுநர். சனிக்கிழமைகளில் நீதிமன்றக் கூடத்தில் மகளைப் பார்க்க வரும்போது, தலை பின்னிவிடுவதற்காகச் சட்டைப்பையில் சீப்பும் ரிப்பனும் கொண்டுவருவார். நல்ல மனிதர், எனக்குத் தெரியும். நல்லவர்களுக்கு எதிராக வாதாடக் கூடாதென்றால் நம்மில் பாதிப் பேர் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

என் அறையில் நான்கு நாள் பழக்கினேன். நான் அப்பா என்பேன், அவள் குனிவாள். ஒருநாள் மட்டும் நிமிர்ந்து, "அத்தை, அப்பா பாவம்ல?" என்றாள்.

"எண்ணு கண்ணு," என்றேன். கெட்டிக்காரி, பிடித்துக்கொண்டாள்.

குழந்தை மிரண்டுபோயிருக்கிறது, தந்தை இனிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த மனிதர் வராந்தாவில் என்னை மறித்து, "நான் என்ன பண்ணேன்னு மட்டும் அவகிட்ட கேட்டுச் சொல்லுங்க மேடம்," என்றார். கையில் சீப்பு இருந்தது. வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

முதலில் அப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும்தான் குனிந்தாளாம். பிறகு டீச்சர் கேட்டால். பிறகு யார் எதைக் கேட்டாலும். இப்போது அவளுக்குப் பதினொரு வயது. போன வருடம் அவள் அம்மா வந்து என் மேஜைமுன் அழுதார். "பசிக்குதான்னு கேட்டாக்கூடக் குனிஞ்சுக்கிறா மேடம். அவங்க அப்பாகிட்டயாவது பேசுவா. அந்த உத்தரவை மாத்திக் குடுங்க."

மனுப் போட்டுப் பார்த்தோம். அப்பாவைப் பார்க்க ஆசையா என்று நீதிபதி கேட்டார். அவள் குனிந்தாள். மனு தள்ளுபடி ஆனது. அதன் பிறகுதான் அந்த அம்மாள் என்மேல் புகார் எழுதினார். ஜெயித்துக்கொடுத்தவள் மேலேயே.

வருத்தம் தெரிவித்தால் இத்தோடு விட்டுவிடலாம் என்கிறீர்கள். தெரிவிக்க மாட்டேன். நான் பழக்கியது அவள் ஒருத்தியை மட்டுமல்ல, முப்பத்தேழு குழந்தைகளை. அந்த வழக்குகளில் ஒன்றுகூடத் தோற்கவில்லை.

நேற்று அவளை இந்த அறைக்கே வரவழைத்தீர்கள். "இந்த அத்தை உனக்கு என்னம்மா சொல்லிக்குடுத்தாங்க?" என்று மூன்று முறை கேட்டீர்கள். இங்கே தரை வெறும் சிமென்ட். ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஆனாலும் அவள் குனிந்துகொண்டாள், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

என்மேல் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.