பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணி விட்டவர்

பந்தியில இலை போட்டாச்சுன்னு எனக்கும் தெரியுதுங்க. ரசம் வாசம் மேடை வரைக்கும் வருது. ஆனா கையில ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைச் சொல்லாம மைக்கை விடமாட்டேன். வீடியோ தம்பி, அந்த லைட்டை மாப்பிள்ளை கண்ணுல இருந்து கொஞ்சம் திருப்புப்பா... அவன் முழிச்சுக் கேக்கணும்.

உடுமலைப் பக்கம் நாச்சிமுத்துன்னு ஒருத்தர். அவர் சம்சாரம் ரேணுகாதேவி, காலேஜ்ல எறிபந்து ஆடுனவங்க. கல்யாணமாகி மறுவாரம் பந்தை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்தாங்க. மாமியார் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "இனி என்னம்மா பந்து?" நாச்சிமுத்து அங்கதான் உக்காந்திருந்தார், பேப்பரும் கையுமா. பேப்பரைக் கீழ எறக்கினாரா? எறக்கல. பந்து பரண்மேல போயிருச்சு.

முப்பது வருஷம் ஓடிப்போச்சு. மாமியாரும் போய்ச் சேர்ந்தாங்க, மகளையும் கட்டிக் குடுத்தாச்சு. வீட்டுல ரெண்டே பேரு. ஒருநாள் காலையில காப்பி ஆத்திக்கிட்டே அந்தம்மா சொன்னாங்க...

"ஏனுங்க, அந்தக் கனவு மறுபடியும் வந்துச்சு."

"என்ன கனவு?"

"பந்து உசரத்துல வருது... நான் குதிக்கிறேன். மேல போறேன்... போயிக்கிட்டே இருக்கறேன். உடம்புல கனமே இல்ல. கீழ எல்லாம் பச்சையாக் கெடக்குது... ஆனா எறங்கறதுக்குள்ள முழிப்பு வந்துருது. இத்தனை வருஷமா அதே கனவுதான். ஒரு தடவைகூட காலு தரையில பட்டதில்ல."

சொல்லிட்டு அந்தம்மா தோசைக்கல்லைப் பாக்கப் போயிட்டாங்க. இவர் காப்பியை அப்படியே வெச்சுட்டுப் பின்வாசலுக்குப் போய் நின்னார்.

அந்தம்மா மகள் வீட்டுக்குப் போன நேரமாப் பாத்து ஆளை வரவெச்சார். வீட்டுக்குப் பின்னால இருந்த பொடக்காணியைச் சமம் பண்ணி, ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டி, மேல பிளாஸ்டிக் புல்லை உருட்டி விரிச்சு ஒட்டியாச்சு. டவுன்ல டர்ஃபுன்னு சொல்றோமில்ல, அதேதான். வெள்ளைக் கோடு, நடுவுல வலை, சுத்திச் செவுரு. மனுசனுக்கு நிக்கறதுக்கு நெலையில்ல.

அந்தம்மா வந்தாங்க. சித்திரை வெயில். பின்கதவைத் தொறந்ததும் அப்படியே நின்னுட்டாங்க. கனவுல பாத்த அதே பச்சை... செருப்பைக் கழட்டிட்டு ஒரு அடி வெச்சாங்க பாருங்க... ஸ்ஸ்ஸ்! தோசைக்கல்லு தோத்துது. காலை இழுத்துக்கிட்டாங்க. சுத்தி ஒரு பார்வை பாத்தாங்க.

"கொடிக்கயிறைக் காணோம், துணியை எங்க காயப் போடறது?"

"அம்மிணி... உனக்காகத்தான்..."

"அன்னைக்கு ஒரு வார்த்தை நீங்க பேசியிருந்தா எனக்கு மண்ணுத் தரையே போதுமா இருந்திருக்கும். இப்ப வேண்டாங்க."

கத்தினாங்களா? இல்ல. மெதுவாச் சொன்னாங்க. மெதுவாச் சொன்னாத்தான் உள்ள போகுது.

புல்லு போட்டவனுக்கு போன் அடிச்சார். "வெயில்ல சுடத்தானுங்க செய்யும். ஷூ போட்டுக்கங்க, இல்லீன்னா தண்ணி தெளிச்சுட்டு ஆடுங்க"ன்னான். அன்னையில இருந்து சாயங்காலமானா இவர் கையில தண்ணி ஹோஸு. பக்கத்து வீட்டுக்காரர் செவுத்துக்கு மேல தலையை நீட்டினார்.

"ஏனுங் நாச்சிமுத்து, பிளாஸ்டிக்கு வேர் புடிச்சிருச்சுங்களா?"

"புடிக்குமான்னுதானுங்க பாக்கறேன்."

தெருவே சிரிச்சுது. மனுசன் நிறுத்தல. அந்தம்மா அடுப்படி ஜன்னல்ல நின்னு பாப்பாங்க. தண்ணி விழுந்ததும் சூடு ஆவியா எழும்பும்... மஞ்ச வெயில் அதுக்குள்ள பூந்து வரும்... வலை லேசா ஆடும். முழிச்சிருக்கறமா தூங்கறமான்னே அவங்களுக்குத் தெரியாதாம். ஆனா படியிறங்க மாட்டாங்க.

ஒருநாள் அந்தம்மா கண்ணுல ஒண்ணு பட்டுது. இவர் ஹோஸைக் கீழ வெச்சார். செருப்பைக் கழட்டினார். வெறுங்கால்ல கோட்டோரமா மெல்ல நடந்தார். ஒரு மூலையில சுட்டுது, காலைத் தூக்கிக்கிட்டார். அங்க மறுபடியும் தண்ணி. மறுபடியும் காலு வெச்சுப் பாத்தார்... மூலை மூலையா இதே வேலை.

அந்தம்மா எறங்கி வந்தாங்க. "காலைக் காட்டுங்க." உள்ளங்கால் செவந்து கெடந்துச்சு. "எனக்கு ஒரு ஷூ வாங்கியிருந்தா முடிஞ்சுது. இது என்ன கிறுக்குத்தனம்?"

"நீ வெறுங்கால்லதான் ஆடுவேன்னு சொன்னியே."

"எப்பச் சொன்னேன்?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு."

இவரே மேல பேசினார். "அந்தப் பேப்பரும் ஞாபகமிருக்குது ரேணு. ஒரு வரிகூடப் படிக்கல. எங்கம்மாவுக்குப் பயந்துக்கிட்டு மூஞ்சியை மறைச்சு உக்காந்திருந்தேன்."

முந்தானையை எடுத்து இடுப்புல சொருகினாங்க. வலைக்கு அந்தப் பக்கம் போனாங்க. "போடுங்க."

வலையோரமா வாங்கி வெச்சிருந்த பந்தை எடுத்துப் போட்டார். பந்து உசரத்துல வந்துச்சு... குதிச்சாங்க. எவ்வளவு குதிச்சிருப்பாங்க? ஒரு சாண் இருக்காதுங்க. அம்பது தாண்டின முழங்காலு! ஆனா அந்த ஆவி, அந்த மஞ்ச வெயிலு, கீழ அந்தப் பச்சை... மேல போனாங்க... போனாங்க... எறங்கினாங்க. ரெண்டு காலும் ஈரப் புல்லுல வந்து நின்னுச்சு.

"குளுகுளுன்னு இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டு, பந்தை மாரோட புடிச்சுக்கிட்டு அழுதாங்க. அந்தக் கனவு அதுக்கப்புறம் வரலையாம்.

இப்ப உன்கிட்ட வர்றேன் மாப்பிள்ளை. பொண்டாட்டிக்கு மைதானம் கட்டிக் குடுக்கறது நல்ல காரியந்தான். ஆனா நாச்சிமுத்து புல்லை விரிச்சப்ப அந்தம்மா வரல. அவளுக்குச் சுடுமேன்னு தன் காலை முதல்ல வெச்சுப் பாத்தார் பாரு, அப்பத்தான் வந்தாங்க. அந்தக் காலை வெக்கறதுக்கு முப்பது வருஷம் ஆக்கிட்டாரு. நீ ஆக்காத. இந்த மேடையை விட்டு எறங்கறதுக்குள்ள உன் பக்கத்துல நிக்கற பொண்ணுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு... "பொறந்த வீட்டுல எதை விட்டுட்டு வந்தே?"ன்னு கேளு. அவ பதில் சொல்லி முடிக்கட்டும். அதுவரைக்கும் நாங்க யாரும் பந்திக்குப் போகல... ரசம் ஆறுனா ஆறட்டும்.