தனிக் கஞ்சி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குவது யாருக்கும் உள்ளதுதான். அதை ஒரு குற்றமாக நான் என்றைக்கும் சொன்னதில்லை, மேடம். இந்த ஸ்டேஷனிலேயே வெயில் சாயும் நேரத்தில் பாதிப் பேர் கொட்டாவி விடுகிறார்கள். நானும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

பாலவனத்தம் ரோட்டில் என் தையல் யூனிட்டைப் பார்த்திருப்பீர்கள். தகரக் கொட்டகை. நைட்டி தைக்கிறோம். பரளச்சி, திருச்சுழிப் பக்கத்துப் பெண்கள் வேனில் வருகிறார்கள். விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு வருகிறவர்கள். தகரம் காயத் தொடங்கியதும் தலை ஆடும். வேறு முதலாளியாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார். நான் டீயையும் வடையையும் நிறுத்தினேன். காலையில் கை கால் நீட்டி மடக்கப் பழக்கினேன். சாப்பிட்டதும் வேப்பமரத்தடியில் பாய் விரித்துக் கொஞ்ச நேரம் படுக்கச் சொன்னேன். முற்பகலில் சத்துமாவுக் கஞ்சி. என் கையாலேயே காய்ச்சினேன். பலன் இருந்தது. தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் தைப்பது குறைந்தது.

ஆனால் நல்ல பழக்கம் மெதுவாகத்தான் பலன் தரும். தீபாவளி ஆர்டர் அதுவரை காத்திருக்காது. முதலில் அந்தப் படுக்கிற நேரத்தை எடுத்தேன். பிறகு சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வேனைத் தாமதமாக அனுப்பினேன். அதற்கும் பிறகுதான் மாத்திரை. தூக்கத்தை விரட்டுகிற மாத்திரை. வெளிமாநிலத்துக்கு லோடு ஓட்டுகிற ஒருவர் வாங்கிக் கொடுத்தார். பொடித்துப் பெரிய பானையில் கலந்தேன். கருப்பட்டி கூடுதலாகப் போட்டால் கசப்பு தெரியாது.

யாருக்கும் குறை இல்லை. எங்களில் மூத்தவள் சோலையம்மாள், "அக்கா, ஒங்க கஞ்சியக் குடிச்சா ஒடம்பு காத்தாட்டம் இருக்கு" என்றாள். வயதில் மூத்தவள்தான், மரியாதைக்கு என்னை அக்கா என்பாள். மகளிர் குழுக் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சிறுதானியம், உடற்பயிற்சி, நேரத்துக்குத் தூக்கம் என்று பேசினேன். அதில் எதுவும் பொய் இல்லையே.

மாரிக்கனிக்கு மட்டும் நான் அதைக் கொடுக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் சொல்லியிருந்தாள். "அக்கா, சின்னதுலருந்தே எனக்கு நெஞ்சு வால்வுல கோளாறு. காப்பிகூட ஆகாதுன்னு டாக்டரு சொல்லிருக்காரு." அவளுக்குச் சின்னச் சட்டியில் தனியாகக் காய்ச்சினேன். மதியம் படுக்கவும் அவளை மட்டும் விட்டேன். இவ்வளவு பார்த்துச் செய்தவளைத்தான் ஈவிரக்கம் இல்லாதவள் என்று அவள் புருஷன் மருதுபாண்டி உங்களிடம் சொல்லியிருக்கிறார். கோபத்தில் சொல்கிறார், பாவம்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், படுத்து எழுந்து நிதானமாகத் தைத்த மாரிக்கனி, சாயங்காலம் பார்த்தால் மற்றவர்களுக்குச் சமமாக முடித்திருந்தாள். மற்றவர்கள் தைத்ததில் பாதியைப் பிரிக்க வேண்டியிருந்தது. கை நடுங்கியது. ஒருநாள் சோலையம்மாளின் நகத்தில் ஊசி இறங்கிவிட்டது. அது தெரியாமலே அவள் தைத்துக்கொண்டு போனாள். துணியில் ரத்தத்தைப் பார்த்து மாரிக்கனிதான் ஓடிவந்து மெஷினை நிறுத்தினாள்.

மறுநாள் கஞ்சி ஊற்றும்போது என் எதிரில் வந்து நின்றாள்.

"அக்கா, இவுக யாருக்கும் ராத்திரி தூக்கம் வரலையாம். சோறும் எறங்கலையாம். எனக்கு மட்டும் எதுக்குத் தனிச் சட்டி?"

"ஒன் நெஞ்சுக்காகத்தான் மாரி."

"கஞ்சிதானக்கா. அது நெஞ்ச என்ன செய்யும்?"

நான் அடுத்த தம்ளரில் கஞ்சி ஊற்றினேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"பெரிய பானையில ஒரு தம்ளரு எடுத்துட்டுப் போறேன். டவுனு ஆஸ்பத்திரியில காட்டிக் கேட்டுட்டு வாரேன்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். இவர்கள் பயந்து நின்றுவிட்டால் ஆர்டர் போகும். யூனிட்டைப் பூட்ட வேண்டும். இத்தனை வீட்டு அடுப்பும் ஒருத்தியின் சந்தேகத்தால் அணைய வேண்டுமா? பானையோடு உள்ளே போனேன். பானையின் அடியில் கெட்டியாகத் தங்கியிருந்ததை ஒரு தம்ளரில் வழித்தேன். இன்னும் கொஞ்சம் பொடியும் சேர்த்துக் கலக்கிக்கொண்டு வந்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு அலையுற? எல்லாரும் குடிக்கிறதுதான், நீயும் குடிச்சுப் பாரு. ஒனக்கே தெரிஞ்சுபோகும்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவள் தம்ளரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"குடி மாரி. அக்கா நமக்குக் கெடுதல் செய்வாகளா?" என்றாள் சோலையம்மாள்.

அத்தனை பேர் முன்னால் அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. "தப்பா நெனைக்காதீகக்கா" என்று சொல்லிவிட்டு, வாங்கிக் குடித்தாள்.

அன்று மதியம் அவள் படுக்கப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. மேலுதடு வேர்த்தது. இடது கையால் நெஞ்சை நீவிவிட்டு நீவிவிட்டுத் தைத்தாள். பக்கத்தில் போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமாக்கா?" என்றாள். எனக்கு மட்டும் கேட்கும்படிதான்.

"கையில இருக்க துணிக்கட்ட முடிச்சிரு, போவம்."

முடித்தாள். முடித்துத் துணியை உருவிப் பக்கத்தில் வைத்தவள், மெஷின் மேலேயே சாய்ந்தாள். கால் பெடலில் அழுந்திக் கிடந்ததால் துணி இல்லாமல் ஊசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

நெஞ்சு தாங்காது என்று தெரிந்தேதான் கொடுத்தாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம், தெரிந்துதான் கொடுத்தேன். போவம் என்று சொன்னபோதும் போகிற எண்ணம் எனக்கு இல்லை. அவள் ஆஸ்பத்திரியில் வாய் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் அவளாகத்தான் கை நீட்டி வாங்கினாள். நான் யார் வாயிலும் ஊற்றவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அவள் கடைசியாகத் தைத்த துணிக்கட்டை எடுத்துப் பார்த்தேன், மேடம். ஒரு தையல்கூடப் பிசகவில்லை. மருதுபாண்டியிடம் யாராவது அதை எடுத்துச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும்.