ஏழாவது அர்த்தம்

காரைக்குடி, பழைய சந்தைத் தெரு, கதவு எண் 14-ல் குடியிருக்கும் சாதிக் அலி மனைவி ரிஸ்வானா, வயது 38, 19.06.2025 அன்று காலை 10.30 மணிக்குத் தானாகவே காவல் நிலையம் வந்து கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். வீட்டு மாடியில் ஒன்பது வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். காலை ஏழு மணிக்கு ஒரு பேட்ச், பதினொரு மணிக்கு ஒரு பேட்ச். என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. உள்ளே வந்ததும் எல்லோரும் போனை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடிவிட வேண்டும். என் போனும் அதில்தான் கிடக்கும். அன்றைய வார்த்தைக்குரிய அர்த்தம் அத்தனையும் ஒப்பித்தவருக்குத்தான் போன் திரும்பக் கிடைக்கும். போலீஸே வந்து கேட்டாலும் கிடையாது என்று பெருமையாகச் சொல்வேன். அதை இங்கே உட்கார்ந்து சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கோட்டையூர் முத்துவீரன் மகன் முகேஷ், வயது 24, என்னிடம் ஐந்து மாதமாகப் படிக்கிறான். துபாய் ஹோட்டல் வேலைக்கு 16-ம் தேதி அவனுக்கு இன்டர்வியூ இருந்தது. 14-ம் தேதி சனிக்கிழமை பதினொரு மணி வகுப்புக்கு வந்தபோதே முகம் சரியில்லை. கேட்டதற்கு, "நேத்து அப்பாவுக்கும் எனக்கும் சண்டை மிஸ். துபாய்க்குப் போகக் கூடாதுங்குறாக" என்றான். "எல்லா அப்பாவும் அப்படித்தான் சொல்லுவாக, போய் உட்காரு" என்றேன். அதன் பிறகு போனைச் சம்படத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

அன்று ஒப்பிக்க வேண்டியது 'டேக் ஆஃப்'. விமானம் கிளம்புவது, சட்டையைக் கழற்றுவது, லீவு எடுப்பது, வியாபாரம் சூடுபிடிப்பது, விலையில் குறைப்பது, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவது, இன்னொருவரைப் போல நடித்துக் காட்டுவது என்று அதற்கு நான் ஏழு அர்த்தம் வைத்திருந்தேன். முகேஷ் முதல் ஆளாக எழுந்து ஆறைச் சொன்னான். ஏழாவது வரவில்லை. அப்போது மணி பதினொன்று இருபது இருக்கும். சம்படத்துக்குள் ஒரு போன் அதிர்ந்தது. "யாருப்பா வண்டைப் பிடிச்சு உள்ள போட்டது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முகேஷும் சிரித்தான்.

அது நின்று மறுபடி அதிர்ந்தது. மூன்றாம் தடவை அவன், "மிஸ், என் போனு மாதிரி இருக்கு. அப்பாவா இருக்குமோ? சும்மா இப்படித் திரும்பத் திரும்ப அடிக்க மாட்டாக" என்றான். "ஏழாவதைச் சொல்லிட்டு எடுத்துக்க. நாளக்கழிச்சு இன்டர்வியூல கேட்டா அங்கயும் இப்படித்தான் முழிப்பியா?" என்றேன். அவன் நின்றுகொண்டே யோசித்தான். அதிர்வில் சம்படம் மேசை ஓரத்துக்கு நகர்ந்து வந்தது. விழாமல் இருக்க அதன் மேல் அகராதியைத் தூக்கி வைத்தேன். இரண்டாவது முறை கேட்டபோதும் பிடிவாதமாகக் கொடுக்க மறுத்தேன்.

அதன் பிறகு பதினொன்று ஐம்பதுக்கு நானே ஏழாவதைச் சொல்லி, போனை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது அழைப்பு, ஒன்பதும் அவன் அப்பாவுடையது. அவன் திருப்பி அடித்தபோது பக்கத்து வீட்டுக் கருப்பி எடுத்துப் பேசியது எனக்கும் கேட்டது. "ஏய்யா, எங்குட்டுய்யா இருக்க? அப்பா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுப் படியில விழுந்து கிடந்தாக. மண்டையில ரத்தம். ஆட்டோவுல ஏத்திட்டோம்" என்றார். முகேஷ் நோட்டைக்கூட எடுக்காமல் ஓடினான். முத்துவீரன் போகிற வழியிலேயே இறந்துவிட்டதாக மாலையில் தெரிந்தது.

தலைக்காயமும் முந்தின நாள் சண்டையும் இருப்பதால் சாவில் சந்தேகம் என்று முகேஷின் அக்கா சத்தியப்பிரியா புகார் கொடுத்ததையும், அப்பா மேல் இருந்த கோபத்தில் தானே போனை எடுக்காமல் விட்டதாக முகேஷ் இங்கே சொன்னதையும் பின்னர் அறிந்தேன். நேற்று துக்கம் கேட்கப் போனேன். அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "விடுங்க மிஸ். நீங்க வகுப்பை மூடிட்டா நம்ம பேட்ச் பெனாசிர் எல்லாம் எங்குட்டுப் போவாக? உங்கள நம்பித்தான வீட்ல அனுப்புறாக" என்றான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து, அவன் விட்டுப்போன நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். 12-ம் தேதி வியாழக்கிழமை நான் சொல்லச் சொல்ல எழுதியது இருந்தது. ஆறு அர்த்தம்தான் இருந்தது. பெனாசிரை வரவழைத்து அவள் நோட்டைப் பார்த்தேன். அதிலும் ஆறுதான். அன்று கரண்ட் போனதால் பாதியில் வகுப்பை விட்டிருக்கிறேன். ஏழாவதைக் காலை பேட்சுக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடி" என்றேன். "உங்ககிட்ட யாரு மிஸ் எதுத்துப் பேசுறது?" என்றாள்.

முகேஷ் போன் கேட்டான், நான் கொடுக்கவில்லை. இதைச் சத்தியப்பிரியாவுக்குப் படித்துக் காட்ட வேண்டுகிறேன். சம்படத்தையும் இரண்டு நோட்டுகளையும் ஒப்படைத்துவிட்டேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓர் இடத்தில் 'கவனக்குறைவாக' என்று இருந்தது. அதை அடித்து 'பிடிவாதமாக' என்று எழுதச் சொன்னேன், எழுதினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. அல்லா அறிய அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
சா. ரிஸ்வானா