கரி படியாத திருகு

எனக்கு அதிகம் வியர்ப்பதில்லை. குளிர்விக்கும் வேலைக்கென்றே வார்த்துவிட்ட உடம்பு என்று என் மனைவி கேலி செய்வாள். நீங்களும் விசாரிக்க வந்தது முதல் என் நெற்றியைத்தான் பார்க்கிறீர்கள். நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் அந்தத் திருகைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இயந்திரத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் அச்சு இயந்திரத்தில் மை தெளிக்கும் ஹெட்டுகள் எட்டு, ஒரே வரிசையில். ஒவ்வொன்றின் முதுகிலும் அதை இயக்கும் சர்க்யூட் போர்டு, தீப்பெட்டி அளவு இடத்தில் அடைபட்டிருக்கும். நொடிக்குப் பல்லாயிரம் முறை ஹெட்டைத் துடிக்கவைப்பது அதுதான், ஆகவே சுடும். விசிறி வைக்க வழியில்லை, காற்றில் மைத்துளி தடம் மாறிவிடும். எனவே போர்டுகளை ஒட்டி ஓர் அலுமினியத் தகடும், அதனுள் குளிர்நீர் ஓட ஒரே ஒரு குழாயும் அமைத்தேன். எட்டுக்கும் தனித்தனிக் கிளை பிரிக்காமல் இடத்தை மிச்சம் பிடித்ததற்காகப் பாராட்டப்பட்டேன். ஆனால் முதல் ஹெட்டுக்குச் சில்லென்று வரும் நீர், ஏழின் சூட்டையும் சுமந்துகொண்டுதான் எட்டாவதை அடையும். ஏழு பேர் குளித்த தண்ணீரில் எட்டாமவனைக் குளிக்கச் சொன்ன கதை.

அந்த எட்டாவதுக்குக் கடைக்குட்டி என்று பெயர் வைத்தவள் என் மனைவியின் தங்கை. இயந்திரத்தை ஓட்டியவள் அவள்தான். அவளும் வீட்டில் கடைக்குட்டி. வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான். காலையில் வந்ததும் அதன் மூடிமேல் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

போர்டு எழுபது டிகிரியைத் தாண்டினால் இயந்திரம் தானே நின்றுவிடும். சூட்டை அறியும் சென்சார் எட்டாவதன்மேல் ஒற்றைத் திருகில் பொருந்தியிருந்தது. இயந்திரத்தை வாங்க வந்தவர்களின் கண்ணெதிரே அது மூன்று முறை நின்றது. மூன்றாம் முறை முதலாளி என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். குழாயை மாற்றியமைக்க இரண்டு மாதம் ஆகும். சென்சாரைக் கழற்றி, இரண்டு சாண் தள்ளி முதல் ஹெட்டின்மேல் பொருத்த இரண்டு நிமிடம் ஆனது. அதன்பின் இயந்திரத்தின் திரை முப்பத்தெட்டு என்றே காட்டியது. அது பொய்யல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தான் இருந்த இடத்தின் உண்மையைத்தான் சென்சார் சொன்னது.

அவளுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"அத்தான், கடைக்குட்டிக்குக் காய்ச்சல் அடிக்குது."

"கை பொய் சொல்லும்மா. நம்பர் பொய் சொல்லாது."

"அப்ப உங்க நம்பருக்குத்தான் ஜலதோஷம் பிடிச்சிருக்கு."

இருவரும் சிரித்தோம். அடுத்த வாரம் முதல் அவள் மூடியில் கை வைப்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு நான் கற்றுத்தந்ததாகவே அன்று மகிழ்ந்தேன்.

ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்குப் புதிதாக வாங்குபவர்கள் வருவதாக இருந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவளை மட்டும் ஒரு மாதிரி அச்சை முடித்துவிட்டுப் போகச் சொன்னேன். எட்டாவதன் ஓரம் மை கசிந்தது. நாற்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் மின்சாரத்தை நிறுத்தாமலே மூடியைத் திறந்து துடைக்கலாம் என்பது விதி. கையேட்டில் அதை எழுதியவனும் நான்தான். அவள் திரையைப் பார்த்தாள். பிறகு துணியை எடுத்தாள்.

மையில் இருக்கும் கரைப்பான் பெட்ரோலைப்போலப் பற்றக்கூடியது. போர்டு வெடித்தது, கட்டடத்தின் மின்சாரம் துண்டித்துக்கொண்டது. என் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்து தீயை நானே அணைத்தேன். அவள் தரையில் கிடந்தாள். மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது.

இப்போது உங்கள் திருகுக்கு வருகிறேன். திரை காட்டிய எண்களின் பதிவு தீயோடு போயிற்று. சென்சார் இருந்த இடம் ஒன்றே மிச்சமிருந்த சாட்சி. அதை முதல் ஹெட்டிலிருந்து கழற்றினேன். பழைய திருகு கையிலிருந்து நழுவி உருண்டுவிட்டது. எப்போதும் சட்டைப்பையில் ஒன்றிரண்டு வைத்திருப்பேன். எட்டாவதன்மேல் பழைய இடத்திலேயே பொருத்தி, புதிய திருகை முடுக்கினேன். சுற்றிலும் எல்லாம் கரிபடிந்திருக்க, அது ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

"அத்தான்" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். முதல் முறை உதவிக்கு. அதன்பின் அவள் கண்கள் என் கையைத் தொடர்ந்தன. சென்சார் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்தன. இயந்திரம் தெரிந்த பெண், விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டது உதவிக்கு அல்ல.

ஆம்புலன்ஸில், வழியிலேயே போய்விட்டாள். திரை எச்சரித்தும் அவசரப்பட்டுத் திறந்ததாக உங்கள் துறையே எழுதி முடித்தது. "சின்ன வயசுலேருந்தே அவளுக்கு எதுலயும் பொறுமை கிடையாது" என்று என் மனைவி அழுதாள். நான் மறுத்துப் பேசவில்லை. இறந்தவர்களைப் பற்றிச் சர்ச்சை செய்வது எனக்குப் பிடிக்காது.

இயந்திரத்தைப் புதிதாகக் கட்டினேன். இப்போது எட்டுக்கும் எட்டுக் கிளைக்குழாய். முதலும் கடைசியும் ஒரே குளிர்ச்சி. ஆயினும் எட்டாவதன் மூடியில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, நாள் முழுக்க ஆறவிட்டுத் தொட்டாலும் அப்படித்தான். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் என் பிடரியில் யாரோ புறங்கையை வைத்துப் பார்க்கிறார்கள். திரையைப் பார்ப்பேன், முப்பத்தெட்டு. நான் எண்ணையே நம்புகிறேன்.

சென்சாரை இடம் மாற்றியது நான். அவள் கையை நம்பாதபடி செய்ததும் நான். உயிரோடு கிடந்தவளை விட்டுவிட்டுத் திருகு முடுக்கியதும் நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஆனது நான்கு நிமிடம். முடிந்த உடனே ஆம்புலன்ஸை அழைத்தேன். அவள் கண் மூடட்டும் என்று நான் காத்து நிற்கவில்லை. மின்சாரம் துண்டானது மின்னறைக் கடிகாரத்தின்படி ஒன்று ஆறு, என் அழைப்பு போனது ஆம்புலன்ஸ் பதிவின்படி ஒன்று இருபத்தைந்து, இடையில் பத்தொன்பது நிமிடம் என்று சொல்கிறீர்கள்.

அந்தக் கடிகாரத்தை எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.