ஜானு மறந்த விலாசம்

அந்த ஓட்டலில் காபி மட்டும்தான் சரியில்லை. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை, மேடம். அடையாறு ஆற்றைப் பார்த்த அறை. கதவும் சுவரும் ஒரே நிறம்; ஸ்விட்சைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குளிக்கும் தொட்டியைக் கண்ணாடிக்குப் பின்னால், கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதுதான் டிசைனாம். எனக்கு அறுபது நிறைந்ததற்கு மெல்போர்னிலிருந்து மகள் மஹதி ஒருநாள் தங்கப் பதிவு செய்து கொடுத்தாள். நான் தங்கை ஜானுவை அழைத்துக்கொண்டு போனேன்.

ஜானுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அறிவில் ஆறு வயதுக் குழந்தை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்துக்குக் கை காட்டுவாள். தொட்டியைப் பார்த்ததும், "நம்மாத்து அண்டாவவிடப் பெரிசு அண்ணா" என்றாள். அன்று மூன்று தடவை குளித்தாள். ஓட்டலில் கொடுத்த வெள்ளைச் செருப்பைக் கழற்றவே இல்லை. அனுப்புவதற்கு முன்னால் ஒரு நல்ல நாளாவது அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். கொடுத்தேன்.

நான் மந்தைவெளியில் முப்பத்தைந்து வருஷமாகப் பாட்டு வாத்தியார். என்னிடம் ஜானுவும் ஒரே ஒரு பாட்டு கற்றுக்கொண்டாள். சின்ன வயதில் அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்தில், தெற்கு மாட வீதியில் தொலைந்துபோனாள். கிடைத்த பிறகு எங்கள் விலாசத்தைச் சரளி வரிசை மெட்டில் போட்டு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஏறுகிற ஆரோகணத்தில் வீட்டு நம்பரும் தெருவும். இறங்குகிற அவரோகணத்தில் மந்தைவெளியும் என் பெயரும். தினமும் காலையில் பாடுவாள். அதற்கப்புறம் நாலு தடவை தொலைந்தாள். நாலு தடவையும் யாராவது ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள்.

என் மனைவி இருந்தவரை அவள்தான் ஜானுவைப் பார்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு மஹதி என்னை மெல்போர்னுக்கே நிரந்தரமாக வரச் சொன்னாள். "அத்தைய நல்ல ஹோம்ல சேத்துட்டு வாப்பா" என்றாள். இரண்டு இடம் போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தன. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டியிருக்கும். கிளம்பும்போதெல்லாம் ஜானு அழுவாள். அதைத் தாங்கும் மனசு எனக்குக் கிடையாது. வீடே ஞாபகமில்லாதவளுக்கு ஏக்கமும் இருக்காது என்று தோன்றியது.

அதனால் ஆறு மாதத்துக்கு முன்னால் அந்தப் பாட்டை நிறுத்தினேன். அவள் ஆரம்பித்தால் வேறு பாட்டைப் பாடி மறித்துவிடுவேன். யாருக்கும் விலாசம் சொல்லக்கூடாது என்றும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். "உங்காத்து விலாசம் என்ன?" என்று கேட்பேன். "தெரியாதுண்ணா" என்றால் ஒரு துண்டு மைசூர்பாகு. சாதகம் நின்றால் எத்தனை பெரிய கீர்த்தனையும் மறந்துபோகும். அதை எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். கடைசியில் அவள் பதில் சொல்லுமுன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பாள். ஞாபகம் வராமல் திணறுகிறாள் என்று நினைத்தேன்.

ஓட்டலிலிருந்து காலையில் நேரே சென்ட்ரலுக்குப் போனோம். ஹௌரா வண்டி, பெண்கள் பெட்டி, ஜன்னலோர இடம். தயிர்சாதப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். தண்ணீர் வாங்கி வருவதாகச் சொன்னேன். "திரும்பி வந்து இன்னொரு நாள் அந்தத் தொட்டில குளிக்கலாமா?" என்றாள். குளிக்கலாம் என்றேன். வண்டி நகரும்வரை தூணுக்குப் பின்னால் நின்றேன், பாதியில் விட்டுவிட்டு வருவது சரியில்லை என்று. வெள்ளைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் தொலைந்துவிட்டாள் என்று உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்தது பொய்.

இதையெல்லாம் நான் சொல்லியிருக்கவே மாட்டேன். நேற்று நீங்கள் அந்த ஓட்டலில் வேலை பார்க்கும் சிம்ரா என்ற பெண்ணின் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள்.

"சார் கீழ காபி குடிக்கப் போயிருந்தாரு, மேடம். நான் டவல் குடுக்கப் போனேன். அந்தம்மா என் காதுல மெதுவா ஒரு பாட்டு பாடுனாங்க. முழுக்க வீட்டு அட்ரஸ். 'அண்ணாட்ட சொல்லிடாதே. நான் மறந்துட்டேன்னு நெனச்சிண்டிருக்கான். மறந்தாத்தான் அவனுக்குச் சந்தோஷம்'னு சொன்னாங்க."

ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் துக்கமாக இருக்கிறது, மேடம். பதினாறு நாளாகிறது. எந்த ஊரில் யார் கேட்டாலும் அவள் தெரியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள். சத்தியத்தை மீற மாட்டாள்; சிம்ராவிடம்கூடப் பாடினாளே தவிர, சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அப்படிச் சொல்வாள்.

தேடப் போகிறவர்களிடம் விலாசம் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மெட்டை நான் எழுதித் தருகிறேன். ஆரோகணத்தை அவர்கள் பாடினால் போதும், அவரோகணத்தை அவளால் பாடாமல் இருக்க முடியாது. என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். என்னைப் பார்த்துவிட்டால் மறந்தவள் மாதிரியே உட்கார்ந்திருப்பாள்.