பல்லில் கடித்த நூல்

...கேட்டியா தஹானி, நான் பெத்த பொண்ணு நெஸ்மா. பெத்த பொண்ணு சொல்றா, "அம்மா, என் முகத்துல நீ நூல் வைக்கக் கூடாது"ன்னு. வர்ற வியாழக்கிழமை கல்யாணம். தும்யாத் ஊர்ல எந்தப் பொண்ணுக்குக் கல்யாணம்னாலும், முகத்து முடியை எடுத்து வழவழன்னு ஆக்க என்னைத்தான் கூப்பிடறாங்க. என் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வேண்டாமாம். மணப்பொண்ணு முகத்தை அவ அம்மா தொடாம வேற யாரு தொடுவா, சொல்லு. இல்ல, சொல்லாத. பேசினா நூல் தோலைக் கவ்விரும். நாக்கால கன்னத்தை உள்ள இருந்து முட்டிக்க. ஆங், அப்படித்தான். பல்லுல நூலை வெச்சுக்கிட்டு நான் மட்டும் எப்படிப் பேசறேன்னு பாக்கறியா? பழக்கம்டி. எங்க வீட்டுக்காரர் சொல்வார், இவ வாயைத் தைச்சாலும் தையல் வழியா பேசுவான்னு.

எல்லாம் அந்தப் பருவால வந்தது. நெஸ்மாவுக்கு நெத்தியிலயும் தாடையிலயும் மாதுளம்பழத்தை உடைச்சு ஒட்டின மாதிரி இருந்துச்சே, பாத்திருப்ப. நான் அப்பவே சொன்னேன், கடைத்தெருவுல போயி மிஷப்பக் தின்னாதடி, அந்தச் சக்கரைப் பாகுதான் முகத்துல வந்து நிக்குதுன்னு. நீயும் தின்னுட்டுத்தான் வந்திருக்க. மோவாயில பிசுபிசுன்னு ஒட்டுது. அப்புறம் அந்த போன். நாள் பூரா கன்னத்துலயே. மாப்பிள்ளைக்குக் கட்டில் பட்டறையில வேலை, ரம்பம் ஓடிக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தத்துல அவன் என்ன சொல்றான், இவளுக்கு என்ன கேக்குது, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். அதுக்கும் மேல கண்ணேறு. எதிர்வீட்டுக்காரி வந்து கல்யாணக் கட்டிலைத் தடவிப் பாத்துட்டுப் போனா, மறுநாளே மூக்குல ஒண்ணு. சாம்பிராணி போட்டேன். மூக்குல இருந்தது போச்சு... நெத்தியில ரெண்டு வந்துச்சு.

இவ எங்க போயி நின்னா தெரியுமா? தெருமுனையில புதுசா போர்டு மாட்டியிருக்காளே, அந்தத் தோல் டாக்டரம்மாகிட்ட. அவ சொல்றா, பரு அழுக்கால வர்றதில்லையாம். வயசுப் பிள்ளைங்க உடம்புல என்னமோ சுரக்குதாம். அதுல தோலுக்கடியில எண்ணெய் ஜாஸ்தி ஊறுதாம். செத்த தோல் அந்தத் துவாரத்தை அடைச்சுக்குதாம். உள்ள கிருமி குடித்தனம் பண்ணுதாம். கிள்ளாத, போட்டுத் தேய்க்காத, ரெண்டு வேளை மெதுவா கழுவு, தலையணை உறையை மாத்து. இதைச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா? ராத்திரிக்கு ஒரு களிம்பு குடுத்தா. முகம் முழுசுக்கும் பட்டாணி அளவுதானாம். நான் ஒரு கண்ணுக்கே அதைவிட ஜாஸ்தி மை வைப்பேன்.

முதல்ல தோல் உரிஞ்சுது, செவந்து போச்சு. தூக்கி எறிடின்னேன். "அப்படித்தான் ஆகும்மா, ரெண்டு மாசம் பொறுக்கச் சொன்னாங்க"ன்னு பொறுத்தா. என் வயித்துல பிறந்துட்டு இவளுக்கு அந்தப் பொறுமை எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல. சரி... அடங்கிருச்சு. பொய் சொல்லக் கூடாது. இப்ப முகம் கழுவி வெச்ச தட்டு மாதிரி இருக்கு. நான் தொட்டா திரும்ப வந்துருமாம், அதான் பயம்.

அதுவும் டாக்டரம்மா கிளப்பினதுதான். "உங்கம்மா நூலை எங்க பிடிப்பாங்க?"ன்னு கேட்டாளாம். எங்க பிடிப்பாங்க, பல்லுலதான். வாயில இருக்கற கிருமி நூல் வழியா இறங்கி, முடி புடுங்கின குழியில போயி உக்காருதாம். மேல நான் தடவற கொக்கோ வெண்ணெய் அதுக்கு மூடி போட்டுருதாம். என் வாயைப் பத்திச் சொல்றா, தஹானி. டீ தவிர எதுவும் படாத வாய். காலையில கொஞ்சம் உப்பு மீன். ஒரு பச்சை வெங்காயம். அவ்வளவுதான்.

என்கிட்ட வந்துட்டுப் போனா ரெண்டு மூணு நாள்ல பொடிப்பொடியா கிளம்பும்தான். எல்லாருக்கும் கிளம்பும். போன பெருநாளைக்கு உனக்குக் கிளம்பலையா? அது ஊர்த் தண்ணி. ஏன் நெளியற? ஒரு புருவம்தான் ஆயிருக்கு.

யாரு? நெஸ்மாவா? கதவுகிட்ட நின்னு எல்லாத்தையும் கேட்டியா? நல்லா கேளு. கையில என்ன, சோப்பா? யாருக்கு?

எனக்கா...

கை கழுவணும். சரி. புது நூல். சரி. பல்லுல கடிக்காம கழுத்துல மாட்டிக்கணுமா? நான் என்ன மாடா? சரி சரி, மாட்டிக்கறேன். வெண்ணெய் கூடாது. பரு இருந்த இடத்துப் பக்கம் போகக் கூடாது. களிம்பை நாலு நாளா நிறுத்தி வெச்சிருக்கியா? நூலுக்கு முன்னாடி நிறுத்தணும்னு யாரு சொன்னா, அவளேவா? வேற என்ன சொன்னா?

"அம்மாவை ஒதுக்காத, கை கழுவச் சொல்லு"ன்னா?

...அவளா அப்படிச் சொன்னா.

கழுவிட்டேன், இந்தா பாரு, நக இடுக்கு வரைக்கும். இரு, தஹானிக்கு அந்தப் பக்கத்தை முடிச்சுட்டு... தஹானி? எங்கடி போனா? ஒரு பக்கம் காடு மாதிரி இருக்கே, அதோட தெருவுல நடந்து போறாளா? போகட்டும். அந்த முகத்தோட கல்யாணத்துக்கு வர முடியாது, நாளைக்கு வந்துதான் ஆகணும். சோப்பை வெளியவே வெச்சிரு, அவ வந்தா வேணும்.

நீ உக்காரு. வெளிச்சத்துக்குத் திரும்பு. கண்ணை மூடிக்க. என்ன, அம்மா பேசலையேன்னு பாக்கறியா? பேசறேன், இரு. முதல்ல உன் முகத்தைக் கொஞ்சம் பாத்துக்கறேன்.